ஒன்றாம் வகுப்பிலிருந்து பால்வாடிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும்,

நான் காவிரி டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. உங்கள் மையத்துக்கும் என் வகுப்புக்கும் நடுவே பல ஊர்களில் ஒரு சுவர்தான் இருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் நீங்கள் வளர்த்த பிள்ளைகள் அந்தச் சுவரைத் தாண்டி என்னிடம் வந்து உட்காருகிறார்கள். ஆடி முடிவதற்குள் பென்சில் அவர்கள் கைக்குப் பழகிவிடுகிறது. தீபாவளி நெருங்கும்போது தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். பெற்றோர் வந்து, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்" என்கிறார்கள். அந்த நன்றியில் பெரும்பங்கு முகவரி மாறி என்னிடம் வந்து சேர்கிறது. உரியவர்களிடம் அதைச் சேர்ப்பிக்கத்தான் இந்த மடல்.

உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் உங்களைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. "பால்வாடில என்னத்தச் சொல்லித் தர்றாங்க? மண்ணையும் தண்ணியையும் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. சோறு போட்டுத் தூங்க வச்சு அனுப்பிடுறாங்க." இப்படிச் சொல்லிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் தரும் நர்சரியைத் தேடி வேனில் ஏற்றி விடுகிறார்கள். அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் நான் நேரடிச் சாட்சி. அவற்றில் கையளைந்து வரும் பிள்ளை எப்படி எழுதுகிறது, அது கிடைக்காமல் வரும் பிள்ளை எப்படித் திணறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவள் நான்.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அங்கே இருப்பதெல்லாம் குருத்தெலும்பு. முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தலைகாட்டும். மூன்று வயதிலும் மூன்றோ நான்கோதான் இருக்கும். கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகும். இரண்டு வயதுப் பிள்ளை கிரேயானை முஷ்டியால் பிடித்துத் தோளிலிருந்து கையை அசைத்துக் கிறுக்குவது பிடிவாதத்தால் அல்ல. அதன் கை அப்போது அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கும் பக்குவம் பொதுவாக நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் பென்சிலைத் திணித்தால் பிள்ளை தப்பாகப் பிடிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படும்.

பென்சில் கொடுக்கக் கூடாது என்றால் கைக்கு வேறு என்ன கொடுப்பது? உங்கள் மையத்தில் நடப்பதெல்லாம் அதற்குப் பதில்தான்.

களிமண்ணையோ சப்பாத்தி மாவையோ உருட்டச் சொல்கிறீர்கள். பிள்ளை உள்ளங்கையால் அழுத்திப் பாம்பு செய்கிறது, உருண்டை பிடிக்கிறது, விரலால் குத்திப் பணியாரக் குழி போடுகிறது. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பழைய நாளிதழைக் கிழிக்கச் சொல்கிறீர்கள். ஒரு கை முன்னால் போக மறு கை பின்னால் வர வேண்டும். இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்தபடி ஒன்றாக இயங்குவதை அங்கே பிள்ளை கற்றுக்கொள்கிறது. பின்னால் ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு மறு கையால் எழுதுவதற்கு இதுவே அடிப்படை. கிழித்த துண்டுகளைச் சுருட்டி, யானைப் படத்துக்குள் ஒட்டச் சொல்கிறீர்கள். பசைக்குக் கடைக்குப் போவதில்லை. ஆயாம்மா வடித்த சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்தால் போதும். பருக்கையைக் கிள்ளி எடுத்துத் தாளில் வைத்து நசுக்குகிற அந்தச் சின்னக் கிள்ளலில்தான் என் வகுப்பின் பென்சில் பிடி இருக்கிறது.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து அழுத்தினால் தாளில் பூப் பூக்கிறது. வாழைத்தண்டை வெட்டினால் வளையம், பாகற்காயை வெட்டினால் முள் வைத்த சக்கரம். சாயத்துக்குச் சமையற்கட்டு மஞ்சளும் பீட்ரூட் சாறும் இருக்கின்றன. தையற்கடையில் கேட்டு வாங்கிய காலி நூல்கண்டுகளைக் கயிற்றில் கோக்கிறார்கள். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுகிறார்கள். தென்னை ஓலையில் நீங்கள் காற்றாடியும் கைக்கடிகாரமும் முடைந்து கொடுக்கிறீர்கள். அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஊரெல்லாம் மணி சொல்லித் திரிகிறார்கள். மழை நாளில் வெளியே விட முடியாதபோது பருப்புக் கடையும் விளையாட்டு இருக்கவே இருக்கிறது. உள்ளங்கையில் விரலால் வட்டம் போட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி, நண்டு ஊர்வதுபோல் கையில் ஏறி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினால் மையமே சிரிக்கிறது. ஐந்து விரலும் தனித்தனி என்று ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இதைவிட இனிமையாக யாரால் சொல்லித்தர முடியும்?

தண்ணீர் விளையாட்டைத் தனியே சொல்ல வேண்டும். அகலத் தட்டில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு கொட்டாங்குச்சி, ஒரு பஞ்சுத்துண்டு. பிள்ளை ஊற்றுகிறது, சிந்துகிறது, மறுபடி மொள்கிறது. சாய்த்து ஊற்றும்போது மணிக்கட்டு திரும்புகிறது, பஞ்சைப் பிழியும்போது பிடி இறுகுகிறது. கணக்கும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சொம்புத் தண்ணீர் ஒரு டம்ளரில் அடங்காது, இரண்டில் அடங்கும். கொட்டாங்குச்சி மிதக்கும், கூழாங்கல் முழுகும். நிறைய, கொஞ்சம், காலி, ததும்ப என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அந்தச் சொற்கள் கை வழியே உள்ளே போகின்றன. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து எங்கள் வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறோம். அளவும் ஒப்பீடும் வரும் பாடங்களில் உங்கள் தண்ணீர்த் தட்டில் விளையாடி வந்த பிள்ளை எனக்கு முன்னாலேயே விடை சொல்லிவிடுகிறது. வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு என்று தொட்டுப் பார்த்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வாயடைத்து நிற்பதில்லை.

இதையெல்லாம் படிக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாடுவது பிள்ளை. அந்த விளையாட்டைத் தயார்செய்வதும், காவல் காப்பதும், முடிந்தபின் கழுவித் துடைப்பதும் டீச்சர், ஆயாம்மா என்ற இந்த இருவர்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துத்தான் அறிவார்கள். ஆகவே பொறுக்கிப் பிரிக்கும் விளையாட்டில் புளியங்கொட்டை, மொச்சை, மணி, கோலிக்குண்டு எதுவும் சின்னப் பிள்ளைகள் பக்கம் வரவே கூடாது. அவை தொண்டையில் சிக்கும் அளவுள்ளவை. பொம்மைகளுக்கான பாதுகாப்புச் சோதனையில் சுமார் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. அந்தக் குழாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் பெரிய பிள்ளைகள் விளையாடி முடித்ததும் புளியங்கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கிறீர்கள். மாவில் உப்பை அள்ளிக் கொட்டினால் கெடாமல் இருக்கும். தின்றுவிடும் பிள்ளைக்கு அந்த உப்பு ஆகாது. அதனால் அன்றன்றைக்குப் புது மாவு பிசைகிறீர்கள். தண்ணீர் விளையாட்டு முடிந்த நிமிடமே தட்டும் வாளியும் கவிழ்க்கப்படுகின்றன. வாளியின் அடியில் கிடக்கும் தண்ணீர்கூடத் தவழும் பிள்ளைக்கு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். மணல்மேட்டைச் சாயங்காலம் தார்ப்பாயால் மூடாவிட்டால் பூனை அசுத்தம் செய்துவிடும். அதையும் யாரோ நினைவாக மூடுகிறார்கள். பதிவேட்டில் இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஆயாம்மாக்களே, உங்களுக்கென்று ஒரு பத்தி எழுத வேண்டும். உங்கள் பதவியின் பெயர் உதவியாளர். சமையலும் சுத்தமும் உங்கள் வேலை என்று ஆணையில் இருக்கும். ஆனால் ஈரத்தைத் தொடவே மாட்டேன் என்று கையை இறுக்கிக்கொண்டு அழும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு இருக்கும். களிமண் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் உதறும். அதன் கையைப் பிடித்து உள்ளே அழுத்துகிறவர்கள் உண்டு, "என்ன பயம்?" என்று அதட்டுகிறவர்களும் உண்டு. நீங்கள் முதலில் ஒரு கரண்டியைக் கொடுக்கிறீர்கள். கரண்டியால் கிளறட்டும். நாலு நாள் கழித்து ஒரு குச்சி. அதற்கப்புறம் ஒற்றை விரல் நுனி. தொட்டதும் துடைத்துக்கொள்ள முந்தானையை நீட்டுகிறீர்கள். பிள்ளை தானாகக் கையை வைக்கும் நாள் வரும்வரை அவசரப்படுவதில்லை. தொடு உணர்வு அதிகமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வழியும் ஏறக்குறைய இதுதான்: வற்புறுத்தாதே, இடையில் ஒரு கருவியைக் கொடு, விலகிக்கொள்ள வழி வை. நகரத்தில் இதற்கு நேரம் வாங்கிக் கட்டணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். நீங்களோ உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு கண்ணை அடுப்பின் மேல் வைத்துக்கொண்டே இதைச் செய்து முடிக்கிறீர்கள்.

விளையாட்டில்தான் பல குறைகளும் வெளிச்சத்துக்கு வருகின்றன. டப்பாவில் கல்லைப் போட்டுப் பின்னாலிருந்து குலுக்கும்போது எல்லாப் பிள்ளையும் திரும்பி, ஒன்று மட்டும் திரும்பாமல் இருந்தால் நீங்கள் அதைக் குறித்து வைக்கிறீர்கள். எந்த நேரமும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தூக்காத பிள்ளையையும், பொருளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்க்கும் பிள்ளையையும் கவனிக்கிறீர்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை மையங்களுக்கு வர வேண்டும். வரும் மருத்துவரிடம் "இந்தப் புள்ளையக் கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் நீங்கள். இப்படிக் கண்டறியப்பட்டு, காதுக் கருவியோடு என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பு வரை தெரியாமல் போயிருந்தால் "மந்தமான புள்ள" என்று பெயர் வைத்து ஓரமாக உட்கார வைத்திருப்போம்.

நீங்கள் செய்வது சும்மா விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு உங்கள் வேலையின் பரம்பரையையும் சொல்லிவைக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் நடைமுறைப்படுத்தினார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையையும் அதோடு சேர்த்து, 1797-ல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆக, விரலால் மணலில் எழுதுவது இங்கிருந்து அங்கே போன சரக்கு.

இத்தாலியின் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகும் முறையை உருவாக்கியவர். 1939-ல் அவர் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர் பயிற்சி தர வந்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க வேண்டியதாயிற்று. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. கைக்குழந்தைகளையும் நடக்கப் பழகும் பிள்ளைகளையும் பற்றிய அவருடைய சிந்தனை இந்த ஆண்டுகளில் ஆழப்பட்டது.

ஆனால் உங்கள் நேர் முன்னோர் என்று நான் நினைப்பது தாராபாய் மோடக்கையும் அனுதாய் வாகையும்தான். 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பால்வாடி தொடங்கினார்கள். விலையுயர்ந்த சாதனங்கள் வாங்க வழியில்லை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை, களிமண் என்று ஊரில் கிடைத்ததையெல்லாம் கற்பிக்கும் பொருளாக்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, ஆதிவாசிக் குடியிருப்பின் முற்றங்களுக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். பிற்பாடு கோஸ்பாட் மலையில் இந்தப் பணி வளர்ந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது 'அங்கன்வாடி' என்ற அந்த முற்றத்துப் பள்ளியின் பெயரே உங்கள் மையங்களுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54 ஆயிரம் மையங்கள். வெண்டைக்காய் அச்சும் காலி நூல்கண்டும் காசில்லாமல் கண்டுபிடித்த ஒப்பேற்றல் அல்ல. கிடைப்பதைக் கொண்டு குழந்தையின் புலன்களுக்குத் தீனி போடுவது என்று தெளிந்து எடுத்த முடிவின் தொடர்ச்சி அது.

உங்கள் தலையில் இருக்கும் மற்ற சுமைகளும் எனக்குத் தெரியும். மாதந்தோறும் எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். தடுப்பூசி நாளில் வீடு வீடாகக் கூப்பிட வேண்டும். போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் போனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போக வேண்டும். பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் சேர்கிறது. இத்தனைக்கும் நடுவில் முன்பருவக் கல்வி என்பது உங்கள் திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று. மற்ற ஐந்தும் கணக்குக் கேட்கும்; இதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் கையில் இருந்தும், அதை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பது உங்கள் விருப்பத்தால் மட்டுமே நடக்கிறது. கேட்க ஆளில்லாத வேலையைச் சரியாகச் செய்வதற்கு என் தொழிலில் பெரிய மரியாதை உண்டு.

நடவுக் காலத்தில் விடியும் முன்பே வயலில் இறங்க வேண்டிய அம்மாக்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலங்களில் நீங்கள் முன்னதாகவே வந்து கதவைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஊரின் வயல்கள் நடப்படுகின்றன.

பெற்றோருக்கு என் பங்கில் ஒரு வேண்டுகோள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வரும்போது, "இன்னிக்கு என்ன எழுதினே?" என்று கேட்காதீர்கள். "எதைத் தொட்டே? எதைச் செஞ்சே?" என்று கேளுங்கள். சட்டையில் மஞ்சள் கறை இருந்தால் டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பழைய சட்டை ஒன்றை மையத்திலேயே கொடுத்துவையுங்கள். வீட்டில் சேரும் நாளிதழ், அட்டைப்பெட்டி, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறை பால்வாடியில் கேட்டுவிடுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். ஆய்வுக்கு வரும்போது பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு ஒதுக்கும் பணம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வரட்டும். மண்ணும் மாவும் கழுவத் தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு மையத்திலும் வேலை செய்யட்டும். இந்த இருவரின் ஊதியத்தைப் பேசும்போது, இவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்கள் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

கடைசியாக, எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டியிருக்கும் மையத்து டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் மட்டும்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் பெயரை எழுதிய தாள்களைப் பெற்றோர் கூட்டத்தில் கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு அவற்றைப் பிள்ளைகள் உங்கள் இருவர் கையில் கொடுக்கப்போகிறார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசிவிட்டேன். "மையத்த விட்டுட்டு எப்படி டீச்சர் வர்றது, சமையல யார் பாக்குறது" என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். அன்றைக்கு அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பதாக எங்கள் சத்துணவு அமைப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.


உங்கள் பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சர்